குஞ்சு விட்டால் குறை தீருமா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். இன்று ஆற்றிலே போடுகிறவர்கள் அளந்துதான் போடுகிறார்கள். இத்தனை லட்சம் மீன் குஞ்சு, இத்தனை லட்சம் ரூபாய், இத்தனை மணிக்கு விழா, இத்தனை பேருக்கு மாலை என்று எல்லாம் அளந்தபடியே நடக்கிறது. பையை அவிழ்க்கிறார்கள். வெள்ளிக்காசைக் கொட்டியதுபோலக் குஞ்சுகள் துள்ளி விழுகின்றன. படம் எடுக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘மீன்வளம் பெருகும்’ என்று செய்தி வருகிறது.

போடும்போது அளந்தவர்கள், போட்ட பிறகு அளந்தார்களா? விட்ட குஞ்சில் பிழைத்தது எத்தனை? அந்த ஆற்றிலே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மீனில் மிஞ்சியது எத்தனை? ஓராண்டு கழித்து அதே துறையில் வலை வீசிக் கணக்குப் பார்த்தவர் யார்?

கேட்கிறோம். கேட்பது குற்றமன்று. கொட்டப்படுவது நமது வரிப்பணம். கொட்டப்படும் இடம் நமது ஆறு, நமது கடல். அதை நம்பி அடுப்பு மூட்டுகிறவன் நமது தோழன். ஆகவே கேட்கிறோம்.

தூத்துக்குடிக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. முத்து விளைந்த கரை அல்லவா இது! பொருநை கடலோடு கலந்த கொற்கைத் துறையின் முத்தைச் சங்கப் புலவன் பாடினான்; யவனர் நாட்டு மாலுமி குறித்து வைத்தான். ஆறு கொண்டு வந்த மண் மேடிட்டுக் கொற்கையை விட்டுக் கடல் விலகிற்று. காயலுக்குப் போயிற்று பெருமை. பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. ஊர் மாறியதே தவிர, தொழில் மாறவில்லை. மூச்சை அடக்கி, இடுப்பிலே கயிறு கட்டி, காலிலே கல்லைக் கட்டி ஆழத்துக்குப் போனான் நம்மவன். முத்து அரசன் முடிக்கும் சீமாட்டி கழுத்துக்கும் போயிற்று. மூழ்கியவன் காதிலே சீழும் மார்பிலே வலியும் மிஞ்சின.

கடலடியில் சிப்பி வாழும் பாறைத் திட்டுக்கு ‘பார்’ என்று பெயர். தொலாயிரம் பார் என்றால் இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. அந்தப் பார்களில் 1926, 1927, 1928 ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடந்தது. பிறகு நின்றுவிட்டது. ஓராண்டா, ஈராண்டா? 27 ஆண்டுகள் பார் வெறும் பாராகவே கிடந்தது. ஆராய்ந்து பார்ப்பவர்கள் போவார்கள், சிப்பி இல்லை என்று திரும்புவார்கள். ஆனால் 1955-ல் சலாபம் மறுபடி கூடிற்று! 1961 வரையில் ஆண்டுதோறும் குளித்தார்கள், எடுத்தார்கள், ஏலம் போட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும் தோழர்களே! 1955-ல் பார் நிரம்பியதே, அதற்கு எந்தச் சர்க்கார் குஞ்சு விட்டது? எந்த விழாவில் எந்தப் பை அவிழ்க்கப்பட்டது? ஒன்றுமில்லை. கடல் தானாகவே விதைத்தது, தானாகவே வளர்த்தது. ஒரு தாய்ச் சிப்பி லட்சக்கணக்கில் முட்டை விடும். பொரித்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத துளியாக வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதக்கும். பிடித்துக்கொள்ள நல்ல பாறை கிடைத்தால் ஒட்டும், கிடைக்காவிட்டால் அழியும். அந்த நல்ல பாறைதான் கடல் நமக்கு வைத்திருந்த மூலதனம்.

1961-க்குப் பிறகு இன்றுவரை இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கொள்ளுப்பேரன் காலம் வந்துவிட்டது. ‘சலாபம்’ என்ற சொல்லையே அகராதியில் தேட வேண்டிய நிலை வந்துவிட்டது.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் உழைப்பை மறைக்க நாம் ஒருப்பட மாட்டோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில், டாக்டர் அழகர்சாமியும் அவரது தோழர்களும் 1973-ல் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். ஜப்பான்காரன் ரகசியம் என்று பூட்டி வைத்திருந்த வித்தை அது! 1981-ல் அதைவிடப் பெரிய காரியம் செய்தார்கள். தொட்டியிலே சிப்பியை முட்டையிட வைத்து, நுண்ணிய பாசியை ஊட்டி வளர்த்து, குஞ்சுச் சிப்பியை ஒட்ட வைத்தார்கள். நம்மூர் மண்ணிலே, நம்மூர் மூளையிலே பிறந்த சாதனை. தலை நிமிர்ந்து சொல்லலாம்.

குஞ்சு கையில் கிடைத்ததும் என்ன தோன்றும்? பாரிலே விதைத்தால் என்ன என்று தோன்றும். தோன்றியது. 1985-ல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்கு, தொட்டியில் பிறந்த சிப்பிக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் தூத்துக்குடிக் கடலின் பார்களில் விதைத்தார்கள். கழனியிலே நாற்று நட்டதுபோலக் கடலிலே சிப்பி நட்டார்கள். நல்ல எண்ணம், நல்ல முயற்சி, நல்ல உழைப்பு. ஆனால் சலாபம் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை? விஞ்ஞானிகள் ஒரு காரணமல்ல, பல காரணங்களைச் சொல்கிறார்கள். திருக்கையும் கிளாத்தியும் நண்டும் சங்கினத்து நத்தையும் குஞ்சுச் சிப்பியைத் தின்னும். சூரன் என்னும் மட்டி பாரின்மீது பாய் விரித்ததுபோலப் படர்ந்து சிப்பியை மூச்சுத் திணற வைக்கும். இவை பழைய பகை. 1928-லும் இருந்தன, 1955-லும் இருந்தன. இந்தப் பகைகளோடு போராடித்தான் சிப்பி வாழ்ந்து வந்தது.

அதற்குமேல் புதிய பகை வந்தது. அடிமடி இழுக்கும் விசைப்படகு வந்தது. கடலடியைக் கீறிச் சேற்றைக் கிளப்பிற்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டித் தோணியில் ஏற்றினார்கள். அது தடுக்கப்படுவதற்குள் பாறை பாதி போயிற்று. பவளம் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது 2001-ல். அதற்குள் பூவரசன்பட்டித் தீவும் விலாங்குச்சல்லித் தீவும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவு கரைந்து சிறுத்துவிட்டது. கரையிலே ஆலைகள் எழுந்தன, அனல்மின் நிலையம் எழுந்தது, ஊர் பெருத்தது, சாக்கடை பெருத்தது. தொழில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வ.உ.சி. கப்பல் விட்ட ஊரில் நின்றுகொண்டு தொழிலைப் பழிப்போமா? துறைமுகம் சோறு போடுகிறது, போடட்டும். ஆனால் சோறு போடும் கை, மற்றொருவன் சோற்றிலே மண்ணைப் போடக்கூடாது என்கிறோம்.

ஆக, கடலுக்குக் குறைவாக இருந்தது குஞ்சு மட்டுமன்று. குஞ்சு குடியிருக்க வீடு குறைவாக இருந்தது. வீட்டை இடித்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் கொண்டுவந்து வாசலிலே விட்டால் குடும்பம் தழைக்குமா?

இதைத் தொழிலாளித் தோழன் நம்மைவிட நன்றாக அறிவான். ஓர் ஆலை. உள்ளே காற்று இல்லை; பஞ்சுத் தூசி; இயந்திரத்துக்குக் காப்பு இல்லை. நாளுக்கு நாலுபேர் மயங்கி விழுகிறார்கள். முதலாளி என்ன செய்கிறார்? ஜன்னலைத் திறக்கிறாரா? இல்லை. தினமும் காலையில் லாரியிலே புது ஆள் கொண்டுவந்து இறக்குகிறார். வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை குறையவில்லை. ‘ஆலை நன்றாக நடக்கிறது’ என்று அறிக்கை விடுகிறார். நாம் ஒப்புக்கொள்வோமா? மீனுக்கு மட்டும் அந்த அறிக்கையை எப்படி ஒப்புக்கொள்வது?

முத்து நமக்குச் சொன்னது பாதிப் பாடம்தான்: குஞ்சு விட்டால் மட்டும் குறை தீராது என்ற பாடம். மறுபாதிப் பாடம் அதைவிடக் கசப்பானது. விட்ட குஞ்சு சில வேளை இருக்கிற குடியையே கெடுத்துவிடும். அந்தப் பாடத்தை நமக்குக் காவிரி சொல்கிறது.

காவிரியிலே ஒரு பெருங்கெண்டை உண்டு. மகசீர் என்று உலகம் அழைக்கும் இனம். காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரியது. முதுகிலே திமில்போல மேடும், செம்மஞ்சள் துடுப்பும் கொண்டது. 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 54 கிலோ இருந்தது! ஒரு வாலிபனின் எடை! அணைகள் எழுந்தன, வெடிவைத்து மீன் பிடிக்கும் கொடுமை பெருகிற்று, மகசீர் அருகிற்று. ‘ஐயோ, மகசீர் குறைகிறதே’ என்று கவலைப்பட்டார்கள். கவலை நியாயமானது. மருந்துதான் மாறிப்போயிற்று.

மராட்டியத்தில் லோனாவாலா என்ற ஊரில் டாட்டா மின்சார நிறுவனம் ஒரு மகசீர் பொரிப்பகம் நடத்தி வந்தது. அங்கே குஞ்சு பொரிக்கப்பட்டது கிருஷ்ணை ஆற்றுப் பக்கத்து மீன், நீலத்துடுப்பு மகசீர். அதுவும் மகசீர், இதுவும் மகசீர்தானே என்று நினைத்து, 1970-களில் தொடங்கி அந்தக் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். ஒரு சாதி மீனைக் காப்பாற்ற மற்றொரு சாதி மீனைக் குடியேற்றினார்கள்.

என்ன ஆயிற்று? 1998 முதல் 2012 வரை காவிரியில் தூண்டில் போட்டவர்கள் பிடித்ததையும் விட்டதையும் எழுதி வைத்த குறிப்பேடுகளை விஞ்ஞானிகள் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. நீலத்துடுப்பு மீன் ஆண்டுக்கு ஆண்டு பெருகியிருந்தது. திமில் மகசீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருந்தது. அதன் இளங்குஞ்சுகளே கண்ணில் படாத நிலை வந்திருந்தது. பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ‘காவிரியில் மகசீர் பெருகிவிட்டது, திட்டம் வெற்றி’ என்று நினைத்திருப்பார்கள். எண்ணிக்கை ஏறியது உண்மை. ஏறியது வந்தவன் எண்ணிக்கை. இறங்கியது வாழ்ந்தவன் எண்ணிக்கை!

கொடுமையிலும் கொடுமை எது தெரியுமா? அழிந்துகொண்டிருந்த அந்த மீனுக்கு விஞ்ஞான உலகில் சரியான பெயர்கூட இல்லை. கேரளத்தில் பிறந்து நம் அமராவதிக்கு வரும் பாம்பாற்றில் 2007-ல் பெயரிடப்பட்ட ‘தோர் ரேமதேவி’ என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று 2018-ல்தான் தெளிவாயிற்று. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை ‘மிக மோசமான அழிவின் விளிம்பில்’ என்ற பட்டியலில் சேர்த்தது. பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஒரே ஆண்டில்! இன்று அதற்குப் பெரும் புகலிடமாக இருப்பது நீலகிரிச் சாரலில் ஓடும் மாயாறு.

‘இது காவிரியில் நடந்த கதை; நம் கரைக்கும் இதற்கும் என்ன?’ என்று கேட்கலாம். நம் கரையிலிருந்தே புறப்பட்ட கதை ஒன்று உண்டு. சந்தையில் ஜிலேபி மீன் வாங்காதவர் யார்? ‘திலாப்பியா’தான் நம் வாயில் ஜிலேபி ஆயிற்று. அதன் தாயகம் ஆப்பிரிக்கா. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். ஏழைக்கு மலிவான மீன் கிடைக்கும் என்ற எண்ணம். குளத்தில் விட்டார்கள், ஏரியில் விட்டார்கள், அணையில் விட்டார்கள். அது வாயிலேயே முட்டையை அடைகாக்கும்; ஆண்டிலே பலமுறை குஞ்சு விடும்; எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். குட்டையாகவே இருந்து கூட்டமாகப் பெருகிற்று. நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொண்டது. அமராவதி அணையில் வலை வீசினால் வந்ததில் பெரும்பங்கு ஜிலேபியே என்ற நிலை வந்தது. 1959-லேயே, இதை மேலும் பரப்ப வேண்டாம் என்று மத்திய மீன் ஆராய்ச்சிக் குழு தடை சொல்லிவிட்டது. ஏழே ஆண்டில் சர்க்காருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஆற்றில் விட்ட மீனை யார் திரும்ப அழைப்பது? ஆணைக்கு அடங்குவது அதிகாரி, மீன் அடங்குமா?

‘அயல் மீனை விட்டது தவறு, சொந்த ஆற்று மீனையே குஞ்சு பொரித்து விட்டால்?’ என்று அடுத்த கேள்வி எழும். நல்ல கேள்வி. அதற்கும் உலகம் பதில் சொல்லியிருக்கிறது.

பொரிப்பகத்திலே மீன் எப்படி வளர்கிறது? வேளைக்கு வேளை தீனி விழுகிறது. கொக்கு இல்லை, விரால் இல்லை, வெள்ளம் இல்லை, வறட்சி இல்லை. ஆற்றிலே முதல் வாரத்திலேயே செத்திருக்கக்கூடிய சோம்பேறிக் குஞ்சும் இங்கே பிழைத்துக்கொள்கிறது. நிழல் கண்டால் பதுங்க வேண்டும் என்று ஆற்றுக் குஞ்சுக்குத் தெரியும். பொரிப்பகக் குஞ்சுக்கோ நிழல் என்றால் தீனி போட வருகிற ஆள்! மேலும், தாய்மீன் பத்தோ இருபதோதான் இருக்கும். லட்சம் குஞ்சும் அந்தச் சிலரின் பிள்ளைகள். ஊர் முழுவதும் ஒரே குடும்பம் என்றால் பெண் கொடுப்பது எங்கே, எடுப்பது எங்கே? கர்நாடகத்தின் கெண்டைப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990-ல் வெளிவந்த கட்டுரை இதைத்தான் சொல்லிற்று: தாய்மீன் போதாமல் உறவுக்குள்ளேயே இனம் பெருகுகிறது, வீரியம் குன்றுகிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஹுட் என்ற ஆறு. அங்கே கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீனைத் தாய், தந்தை, பிள்ளை என்று வம்சாவளி போட்டு ஆராய்ந்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. ஒரு தலைமுறை பொரிப்பகத்தில் வளர்ந்தாலே போதும். ஆற்றிலே பிள்ளை பெற்றுப் பெருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. சொந்த ஆற்று மீன்தான், சொந்த இனம்தான். ஆனாலும் தொட்டிலே கெடுத்துவிட்டது. அந்தப் பலவீனப் பிள்ளை ஆற்று மீனோடு கலந்தால், பலவீனம் ஆற்று வம்சத்திலும் ஏறுகிறது.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவு. அங்கே மாசு சால்மன் என்ற உள்நாட்டு மீனைப் பொரிப்பகத்தில் வளர்த்து ஆறுகளில் விடுவது வழக்கம். ஏறத்தாழ இருபதாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிகுதியாகக் குஞ்சு விட்ட ஆறுகளில், மொத்த மீன் கூடவில்லை, குறைந்தது. ஏன்? ஆறு தரும் இரைக்கு ஓர் அளவு உண்டு. பத்துப்பேர் பந்தியில் நூறுபேரை உட்கார வைத்தால், வந்தவனும் பட்டினி, இருந்தவனும் பட்டினி. விட்ட மீனோடு மட்டும் நிற்கவில்லை. அந்த ஆற்றின் பிற மீனினங்களும் நலிந்தன.

இன்னுமொரு செய்தி. இது இனிப்பான செய்தி. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மாடிசன் என்ற ஆற்றில், ஆண்டுதோறும் பொரிப்பக டிரவுட் மீனைக் கொட்டி வந்தார்கள். ஒரு மீன்துறை ஊழியர் துணிந்து ஒரு சோதனை செய்தார். ஆற்றின் ஒரு பகுதியில் கொட்டுவதை நிறுத்தினார். என்ன ஆயிற்று? அங்கே காட்டு டிரவுட் பெருகியது! கொட்டாமலிருந்த ஓடையில் கொட்டிப் பார்த்தார். அங்கே காட்டு டிரவுட் குறைந்தது! தூண்டில்காரர்கள் கூச்சலிட்டார்கள், கடைக்காரர்கள் கோபித்தார்கள். ஆனால் அந்த மாநிலம் கணக்கை நம்பிற்று. காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் குஞ்சு விடுவதை 1974-ல் நிறுத்திற்று. சும்மா இருப்பதும் சில வேளை ஒரு திட்டம்தான். ஆனால் அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது; அதுதான் அதிலுள்ள சங்கடம்!

‘அப்படியானால் பொரிப்பகத்தையே மூடச் சொல்கிறீர்களா?’ என்று யாரும் திரிக்க வேண்டாம். இல்லை. 1957 ஜூலை 10-ல் ஹீராலால் சௌதுரி என்ற வங்காளத்து விஞ்ஞானி, ஒரிசாவின் அங்குல் என்ற ஊரில், கெண்டைக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அதுவரை வெள்ளக் காலத்தில் ஆற்றிலே துணி விரித்துக் குஞ்சு பொறுக்கியவர்கள், அன்றுமுதல் வேண்டிய குஞ்சை வேண்டிய ஊரில் பெற்றார்கள். கட்லாவும் ரோகுவும் மிருகாலும் நம் கண்மாய்க்கும் பண்ணைக் குட்டைக்கும் வந்தது அந்த ஊசியால். ஏழை வீட்டுக் குழம்பில் மீன் மிதந்தது அந்த ஊசியால். பண்ணைக் குட்டைக்குப் பொரிப்பகம் வேண்டும். ஒரு நூறு வேண்டும். குட்டை என்பது தொழுவம். ஆறு என்பது காடு. தொழுவத்தில் நல்லது காட்டிலும் நல்லது என்று எண்ணுவதுதான் பிழை.

அழிவின் விளிம்பில் நிற்கிற மீனுக்கும் பொரிப்பகம் கடைசி மருத்துவமனையாக இருக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புமுன், வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இப்போது பொருநைக்கு வருவோம். பொதிகையிலே பிறந்து, திருவைகுண்டம் அணையைத் தாண்டி, புன்னைக்காயலில் கடலோடு சேருகிற நம் தாமிரபரணி. காவிரியிலும் பவானியிலும் இந்த ஆற்றிலும் நாட்டு மீன் குஞ்சு விடும் திட்டத்தைத் தமிழக மீன்துறை மேற்கொண்டிருக்கிறது. அயல் மீனை விட்டு, நாட்டு மீனைத் தேர்ந்தது சரியான திருப்பம், பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டோடு ஒரு நினைவூட்டலும் சேர்க்கிறோம்.

இந்த ஆற்றிலே ஒரு சிறு கெண்டை உண்டு. உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் இல்லை. 1950-களில் சைலஸ் என்ற விஞ்ஞானி இதைக் கண்டு தாமிரபரணியின் பெயரையே இதற்குச் சூட்டினார். அதே சைலஸ் பிற்காலத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தபோதுதான், தூத்துக்குடித் தொட்டியில் முத்துச் சிப்பிக் குஞ்சு பிறந்தது. இந்தச் சிறு கெண்டையும் இன்று அழியும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. சந்தையில் இதற்கு விலை இல்லை. ஆகவே விழாவும் இல்லை, பையும் இல்லை, மாலையும் இல்லை. விலைபோகும் மீனின் குஞ்சை லட்சக்கணக்கில் இதன் வீட்டிலே கொட்டும்போது, இது எங்கே போகும்? பேசத் தெரியாத சிறுபான்மை அது. அதன் சார்பில் யாராவது பேச வேண்டாமா?

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ப் படித்துறையில் பந்தல் போடும் நாளில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

ஒன்று: இந்தக் குஞ்சு இந்த ஆற்றுக்கு உரியதா? ‘கெண்டைதான்’ என்ற பதில் போதாது. மகசீரும் மகசீர்தான் என்று சொல்லித்தான் காவிரியில் விட்டார்கள்.

இரண்டு: தாய்மீன் எத்தனை? எந்த ஆற்றில் பிடித்தது? எத்தனை தலைமுறை தொட்டியில் இருந்தது?

மூன்று: குஞ்சு குடியிருக்க என்ன செய்தீர்கள்? சாக்கடையை மறித்தீர்களா? மணல் அள்ளுவதை நிறுத்தினீர்களா? கோடையிலே அணைக்குக் கீழே ஒரு சாண் தண்ணீராவது ஓட விடுகிறீர்களா? மீன் ஏறிப் போக அணையிலே வழி வைத்தீர்களா?

நான்கு: விட்ட பிறகு எண்ணுவது யார்? குஞ்சுக்கு அடையாளம் இட்டீர்களா? அமெரிக்காவில் பொரிப்பக சால்மனின் முதுகுப்புறத்துச் சிறு துடுப்பை நறுக்கி அடையாளம் வைக்கிறார்கள். பிடிபட்டதும் தொட்டிப் பிள்ளையா, ஆற்றுப் பிள்ளையா என்று தெரிந்துவிடுகிறது. நம்மால் முடியாதா? ஓராண்டு கழித்து அந்தக் கணக்கைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி ஒட்ட முடியாதா?

நான்கும் சாமானியன் கேட்கும் கேள்விகள். விதை வாங்கும் விவசாயி கேட்பது, மாடு வாங்கும் இடையன் கேட்பது. படித்தவர்கள் பதில் சொல்ல முடியாத கேள்விகள் அல்ல.

நம் கடலோரத்தானைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கரையிலே கட்டிப்போடுகிறான். ஏன்? மீன் இனம் பெருகட்டும் என்று. அந்த 61 நாளும் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பதை அவன் மனைவியைக் கேட்டால் தெரியும். மீனுக்காக அவன் பட்டினி கிடக்கிறான்! அவனைக் கேட்டால் சொல்வான், கடலுக்கு ஓய்வு கொடுத்தால் கடல் திருப்பிக் கொடுக்கும் என்று. கழிவை விடுகிறவனுக்கு ஓய்வு நாள் உண்டா? மணலை அள்ளுகிறவனுக்கு ஓய்வு நாள் உண்டா? விட்டுக்கொடுப்பது எப்போதும் வலைபிடித்தவன் கை மட்டும்தானா?

வீட்டைச் சீர்செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் கரையிலேயே சாட்சி உண்டு. கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழக அரசும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கான்கிரீட் பாறைகளை இறக்கின. அலை தணிந்தது, தீவின் கரைவு குறைந்தது, அந்தப் பாறைகளில் பவளம் ஒட்டிற்று, மீன் கூடிற்று. அந்த மீனை யாரும் பையிலே கொண்டுவந்து விடவில்லை. வீடு கட்டினார்கள், குடும்பம் தானாக வந்தது.

1955-ல் பார் நிரம்பியதும் இந்த வழியில்தான். வான் தீவில் மீன் கூடியதும் இந்த வழியில்தான். மான்டானாவில் காட்டு மீன் பெருகியதும் இந்த வழியில்தான். தண்ணீரைத் தண்ணீராக வையுங்கள், பாறையைப் பாறையாக வையுங்கள், ஓடையை ஓட விடுங்கள். மீன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அது கோடி ஆண்டுகளாகச் செய்து வரும் வேலை.

அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். போட்ட பிறகும் அள என்கிறோம் நாம். முதலில் குஞ்சை அளக்காதே. தண்ணீரை அள என்கிறோம். சர்க்கார் செவிசாய்த்தால் மகிழ்ச்சி. சாய்க்காவிட்டால், அடுத்த விழாவில் பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கேட்போம்.